வருகிறவரின் மொழி

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். ஓர் இணையதளத்துக்குள் யாரோ ஒருவர் நுழைகிறார். அவருக்கு எந்த மொழி வேண்டும் என்று அவர் வாயைத் திறப்பதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒருமுறை பாலக்கோடு பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாவுக்கு இதை விளக்கப் போக, "கேட்டாச் சொல்லிடப் போறாங்க, இதுக்கு ஒரு ஆளா?" என்றார். நியாயமான கேள்வி. அதே கேள்வியை நான் சென்னை அலுவலகத்தில் பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்களுடையது பார்சல் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்க்கும் தளம். வருகிறவர் ஏற்கெனவே ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது. இல்லையென்றால் அவருடைய பிரவுசர் சொல்வது. பிரவுசர் ஒவ்வொரு தளத்துக்குப் போகும்போதும், இவருக்கு முதலில் இந்த மொழி, அது இல்லாவிட்டால் அந்த மொழி என்று சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டே போகும். அதுவும் உதவாவிட்டால் அவர் எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று பார்ப்போம். ஒன்றும் தேறாவிட்டால் ஆங்கிலம். கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கும். நடப்பில் எல்லாம் கோணல். போன் விற்கிற கடைப் பையன் ஆங்கிலத்தில் வைத்துக் கொடுத்ததை எங்கள் பக்கத்தில் யாரும் ஆயுளுக்கும் மாற்றுவதில்லை. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே பழைய போன் வாங்கி வந்தவர்களுக்குத் தளம் கன்னடத்தில் திறக்கும். ஊரை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், பென்னாகரத்தில் இருப்பவரை ஓசூரில் இருப்பதாகக் காட்டும்.

அதனால் நான் ஒரே பிடியாக நின்றேன். யூகிக்க வேண்டாம், வாசலிலேயே கேட்போம். அவர் சொன்ன பிறகு வேறு எந்தத் துப்பையும் பார்க்க வேண்டாம், அவர் சொன்னதே கடைசி வார்த்தை. எங்கள் குழுத் தலைவர் மென்று விழுங்கினார். கேள்வி கேட்டால் வருகிறவர்கள் எரிச்சலாகிப் போய்விடுவார்கள் என்றார். தன் மொழி எது என்று தனக்கே தெரியாதவர் யார் இருக்கிறார் என்று நான் கேட்டேன். கடைசியில் ஒப்புக்கொண்டார். அன்று மாலை ஜெயித்த திமிரில் எனக்கு நானே பஜ்ஜி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

அந்த மழைக்காலத்தில்தான் அப்பா விழுந்தார். பாலக்கோட்டில் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற சின்னக் கடை வைத்திருந்தார். சந்தைக்குத் தக்காளி ஏற்றி வந்த டிராக்டரிலிருந்து யாரோ ஒரு மோட்டாரை இறக்க, அதைக் கையில் வாங்கப் போன அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. உயிர் தப்பியது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது.

கணவரைச் சென்னையிலேயே விட்டுவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். நான் ஒரே பெண். முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு வேலை, உள்ளறையில் அப்பா, அடுப்படியில் அம்மா. அலுவலகக் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் அவர் பக்கத்தில். கஞ்சி கொடுக்க, கையைத் தடவிவிட, மாத்திரை கொடுக்க, எல்லாவற்றுக்கும் நான். ராப்பகல் கூடவே இருந்தேன். நல்ல மகள் என்று ஊரே சொன்னது. எனக்கும் அப்படித்தான் நினைப்பு.

தருமபுரியில் பேச்சுப் பயிற்சி தருகிற ஓர் இளம்பெண் இருந்தார். பொறுமைசாலி. வாடகைக் காரில் அப்பாவை அங்கே கூட்டிப்போவோம். அந்தப் பெண் கையில் ஒரு டேப்லெட். அதில் பேச்சு இழந்தவர்களுக்கான ஒரு வெப் அப்ளிகேஷன். திறந்தவுடன் முதல் வேலையாக மொழியைக் கேட்டது. என் தொழில் புத்தி உடனே மெச்சிக்கொண்டது. பரவாயில்லை, கேட்கிறார்கள், தெரிந்தவர்கள் செய்திருக்கிறார்கள்.

"ஐயா வீட்ல என்ன மொழி பேசுவாருங்கம்மா?" என்று அந்தப் பெண் அம்மாவிடம் கேட்டார்.

"தமிழ்தாங்க" என்றாள் அம்மா. யோசிக்கவே இல்லை.

எனக்கும் அதில் தவறாக எதுவும் படவில்லை. அப்பா என்னிடம் தமிழ் தவிர வேறு பேசியதே கிடையாது. பஞ்சப்பள்ளிப் பக்கத்து உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் பெரியவர்கள் ஒரு மாதிரிக் கன்னடத்தில் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அது அவர்கள் வழக்கம் என்று விட்டுவிட்டேன். எங்கள் மாதிரிக் குடும்பங்களில் யாரும் அதை வெளியே சொல்ல மாட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் தமிழ், கணக்கெடுக்க வருகிறவர் கேட்டாலும் தமிழ். பயமோ வெட்கமோ கூட இல்லை. அது வீட்டுப் பேச்சு, ஒரு மொழி என்று எண்ணுவதற்கு உரியது அல்ல, அவ்வளவுதான். மொழி என்ன என்று வெளியாள் கேட்டால் வெளியாளுக்கான பதில்.

டேப்லெட்டில் படங்கள் வரும். டம்ளர், கதவு, விளக்கு, குடை. ஒரு குரல் சொல்லும். அப்பா சரியான படத்தைத் தொட வேண்டும், பிறகு வாயால் சொல்ல வேண்டும். அப்பா திரையைப் பார்ப்பார், அந்தப் பெண்ணைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். நெற்றி வியர்த்துவிடும். இடது கை எழும், எங்கோ ஓர் இடத்தில் விழும். சிவப்பு நிறம் வரும். திரும்பவும் சிவப்பு. வாரங்கள் போயின. பேச்சு மட்டுமல்ல, சொல்வது புரிவதும் குறைந்திருக்கிறது என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார். திரும்பி வருகிற காரில் அப்பா ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்குவது போல இருந்தார். தூங்கவில்லை.

ஒரு மதியம் மருந்து தீர்ந்துபோய் நான் கடைக்குப் போனேன். சந்தை நாள் நெரிசலில் தாமதமாகிவிட்டது. திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே ஓர் ஆண் குரல். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். குழறலாக, இழுத்து இழுத்து, ஆனால் விடாமல் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அம்மா நடுநடுவே பதில் சொன்னாள். இரண்டு பேரும் பேசியது எனக்குப் புரியாத பேச்சு, அந்தக் கல்யாண வீட்டுக் கன்னடம். அந்தக் குரல் அப்பாவுடையது என்று புரிந்ததும் ஒரு செருப்போடு உள்ளே ஓடினேன்.

என்னைப் பார்த்ததும் அப்பா வாயை மூடிக்கொண்டார். அம்மா முகத்தில் திருட்டு பிடிபட்ட களை.

"அப்பா பேசினாரும்மா! பேசினாரே! என்னா சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல கண்ணு. மோர் புளிச்சுப் போச்சுன்னாரு."

மோர் புளித்துவிட்டது. இத்தனை வாரமாக நாங்கள் ஒரு டம்ளருக்கும் ஒரு கதவுக்கும் தவம் கிடக்க, அவர் மோர் புளிப்பைப் பற்றிக் குறை சொல்லும் அளவுக்குப் பேச்சு வைத்திருந்தார். நான் சிரித்தேன், அழுதேன், அம்மாவைப் பிடித்து உலுக்கினேன். அப்புறம்தான் அவள் சொன்னாள். முறத்தில் அவரைக்காயை வைத்து நார் உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அஞ்சு வயசு வரைக்கும் நீயும் இந்தப் பேச்சுத்தான் கண்ணு பேசிக்கிட்டிருந்த. பள்ளிக்கூடத்துல சேத்தம் பாரு, ஒனக்கு அங்க ஒண்ணும் புரியல. ஒண்ணுக்குப் போவணும்னு டீச்சர்கிட்டக் கேக்கத் தெரியாம பாவாடையிலயே போயிட்ட. புள்ளைங்க எல்லாம் சிரிச்சிருக்குதுங்க. வூட்டுக்கு வந்து ஒரே அழுவ. அன்னிக்குச் சொன்னாரு ஒங்கப்பா, இனிமே இந்தப் புள்ளை காதுல அந்தப் பேச்சு வுழக்கூடாதுன்னு. அவரே எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு. நீ தூங்கினப்புறம், நீ வெளிய போயிருக்கறப்ப, அப்பத்தான் நாங்க பேசிக்குவோம். நீ கட்டிக்கிட்டுப் போனப்புறம் எப்பவும் அதேதான்."

"நான் வந்தப்புறம்?"

"நீதான் வூட்லயே இருக்கறியே. எப்படிப் பேசறது? பழக்கமில்ல."

அப்பாவுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்று நான் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து அவர் காதில் தமிழைத் தவிர வேறு எதுவும் விழவில்லை. அவர் தலைக்குள் மிச்சமிருந்த ஒரே பேச்சை, நான் வீட்டில் இருக்கிறேன் என்பதற்காக இவள் அவரிடம் பேசாமல் இருந்திருக்கிறாள். கத்தினேன். உனக்கு அறிவு இருக்கிறதா, தருமபுரியில் கேட்டார்களே, அப்போதாவது சொல்லக் கூடாதா, மனுஷன் சாகக் கிடக்கிறார், இப்போதும் சத்தியமா என்று. அம்மா நாரை உரித்துக்கொண்டே இருந்தாள். "அவங்க மொழி என்னான்னு தானே கேட்டாங்க" என்றாள். அவளுக்கு நிஜமாகவே அது வேறு கேள்வி.

பயிற்சி தருகிற பெண் நடந்ததைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்குங்க. முதல் மாசங்கள்ல வர்றதுதான் அதிகம். இனிமே வராதுன்னு நான் சொல்லலைங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை என்ன பொருளில் சொல்கிறார்கள் என்று தெரியாத வயசு இல்லை எனக்கு.

டேப்லெட்டில் மொழியைக் கன்னடத்துக்கு மாற்றினார். ஒரு பெங்களூர்க் குரல் வந்தது. செய்தி வாசிப்பது போலப் பேசியது. எழுத்தெல்லாம் கன்னட எழுத்து. அப்பா ஆயுளில் படித்தது தமிழ் எழுத்து மட்டும்தான். அம்மாவே அந்தக் குரலைக் கேட்டு முழித்தாள். "இது நம்ம பேச்சு மாதிரியே இல்லியே" என்றாள். அப்பா திரையைப் பார்த்த பார்வை, தன் பெயருக்கு வந்த தந்தியை வாசிக்கத் தெரியாதவரின் பார்வையாக இருந்தது.

வீட்டுப் பேச்சு கன்னடம், அதுவும் பஞ்சப்பள்ளிக் கன்னடம். வாசிப்பது தமிழ். இப்படி ஒருவர் வந்தால் என்ன காட்டுவது என்று நான் எழுதிய எந்த விதியிலும் இல்லை. நான் பார்த்த எந்தத் தளத்திலும் இல்லை. வாசலில் கேட்கும் விதியை நான்தான் எழுதினேன், என் கையால், தன் மொழி எது என்று தனக்கே தெரியாதவர் யார் என்று அதட்டி. எங்கள் ஜில்லாவில் அப்படி ஊர் ஊராக இருக்கிறார்கள். அதில் ஒரு வீட்டில்தான் நான் பிறந்தேன்.

சரி, அந்த மாதிரி ஓர் இணையப் பக்கத்தை அப்பாவுக்கு நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். எங்கள் வீட்டு டம்ளர், எங்கள் வீட்டுக் கதவு, கடையில் இருந்த மோட்டார், எல்லாவற்றையும் போட்டோ எடுத்தேன். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றுக்கும் அவள் சொல்வதைப் பதிவு செய்தேன். நான் இருக்கிறேன் என்று முதலில் வாயே திறக்கவில்லை. நான் திரும்பி உட்கார்ந்துகொண்ட பிறகு சொன்னாள். படத்துக்குக் கீழே அவள் சொன்னதைத் தமிழ் எழுத்தில் போட்டேன். பக்கத்தின் தலையில் இது என்ன மொழி என்று குறியீடு எழுத வேண்டும். பொருத்தமான குறியீடு எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டேன். திறந்து பார்த்தபோது பிரவுசர், எழுத்தைப் பார்த்து, இந்தப் பக்கம் தமிழில் இருக்கிறது, ஆங்கிலத்தில் காட்டட்டுமா என்று கேட்டது. லேப்டாப்பைத் தூக்கி வெளியே எறியலாமா என்றிருந்தது.

ஆனால் அப்பாவுக்கு அது பிடித்தது. நான் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டை அம்மா மடியில் வைத்துக்கொண்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம். தண்ணீர் டம்ளர் படம் வந்தது. "நீரு" என்றது பதிவில் அம்மாவின் குரல். பிறகு "நீரு" என்றார் அப்பா. தெளிவாக. மோட்டார் படம் வந்தபோது ஏதோ சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பா சிரித்தார். நான் முன்னறையில் நின்றுகொண்டு தலையணையை வாயில் வைத்து அழுதேன். இவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தில்கூட இல்லை.

தாங்க முடியாமல் உள்ளே போனேன். அப்போதுதான் தெரிந்தது.

என்னைக் கண்டதும் அவர் பேச்சு நின்றது. மறந்துபோய் நிற்கவில்லை. என்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று முயன்றார். "த... த..." என்று உதடு துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. தமிழைத் தேடினார். இல்லாத ஒன்றை, எனக்காக, உடம்பெல்லாம் வியர்க்கத் தேடினார். கண்ணில் நீர் வழிந்தது. அம்மா துண்டால் துடைத்துவிட்டு, போய்விடு என்று எனக்குக் கையைக் காட்டினாள்.

ஒருநாள் களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். சரி, நான் தமிழ்க்காரியாக இருப்பதுதானே தொல்லை, நான் மாறிக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்த கன்னடம் எங்கள் பார்சல் தளத்தின் பொத்தான்களில் இருப்பது மட்டும். முந்தெ என்றால் அடுத்தது, ஹிந்தெ என்றால் முந்தையது, ரத்து என்றால் ரத்து. அப்பாவிடம் போய் இதைச் சொல்லவா முடியும். அம்மாவிடம் உட்கார்ந்து கற்றேன். அஞ்சு வயதுவரை பேசியது எங்காவது அடியில் கிடக்கும், தோண்டினால் வரும் என்று நம்பினேன். ஒரு சொல்கூடத் தெரிந்த முகமாக வரவில்லை. சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள். நல்ல வேலைக்காரர் அப்பா, எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்.

கடைசியில் ஒரு வரியைத் தயார் செய்துகொண்டு டம்ளரோடு போனேன். "அப்பா, நீரு பேக்கா?" தண்ணீர் வேண்டுமா என்று அர்த்தம். அவ்வளவுதான்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தோஷத்தைத் தேடினேன். அது இல்லை. பயந்துபோயிருந்தார். தலையை வேகமாக ஆட்டினார், திரும்பத் திரும்ப. தண்ணீர் வேண்டாம் என்று அல்ல. இடது கையை எழுப்பி என் வாயைப் பொத்த வந்தார். அது என் கன்னத்தில் பட்டு விழுந்தது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்து வந்தாள். "எல்லாம் போச்சு கண்ணு அவருக்கு. கடை பேரு போச்சு, எம்பேரு போச்சு. ஒங்கிட்ட அதைப் பேசக்கூடாதுங்கறது மட்டும் போவல" என்றாள். அம்மாவும் அன்றுதான் முதல் தடவையாக அழுதாள்.

என்னால் அதைக் கடக்க முடியவில்லை. நான் பிரவுசரை, ஊரை, பழைய தேர்வை எல்லாம் வைத்துத் தடவித் தடவிக் கண்டுபிடிப்பதை அவர் ஒரு பார்வையில் கண்டுபிடிக்கிறார். உள்ளே வருகிறவள் மகள், மகளுக்குத் தமிழ். பாதி செத்துப்போன மூளையிலும் அது தவறுவதில்லை. ஆனால் காட்டுவதற்கு அவரிடம் தமிழ் இல்லை. நான் பேசுகிற கன்னடத்தையும் அவர் ஏற்கமாட்டார். பாவாடை நனைந்து நின்ற அந்தக் குழந்தையை அவர் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். எனக்கு முப்பது தாண்டிவிட்டது அப்பா, இனி யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று சொல்ல வேண்டும். எந்த மொழியில் சொல்வது?

இதற்கிடையில் அலுவலகத்திலிருந்து குழுத் தலைவர் அழைத்தார். வாசலில் மொழி கேட்பதை எடுத்துவிடப் போகிறார்களாம். கேள்வியைப் பார்த்ததும் நிறையப் பேர் மூடிவிட்டுப் போகிறார்களாம், பழையபடி யூகிக்கலாம் என்றார். நான் சண்டை போடுவேன் என்று எதிர்பார்த்து நிறையக் காரணங்களோடு வந்திருந்தார் பாவம். "சரிங்க" என்றேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

நாங்கள் ஒரு முறைக்கு வந்துவிட்டோம். காலையிலும் மாலையிலும் அம்மா உள்ளே இருக்கும் நேரத்தில் நான் போவதில்லை. அப்பா பேசுவார். சொற்கள் கூடிக்கொண்டே வருகின்றன என்று அம்மா சொல்கிறாள். அவர் தூங்கிய பிறகு போய்க் கையைத் தடவிவிடுகிறேன். விழித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுகிறேன், அவரைத் தேட வைக்கக் கூடாது என்பதற்காக.

நேற்று மாலை முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அப்பா ஏதோ கேட்டார். அம்மா சொன்னாள். திரும்பவும் கேட்டார், இந்த முறை குரல் உயர்ந்தது. அம்மா வெளியே வந்தாள்.

"ஒன்னத்தான் கேக்கறாரு. எங்க போயிட்டா, ரொம்ப நாளா ஆளையே காணலியேன்னு."

எழுந்துவிட்டேன். உள்ளறை வாசற்படிவரை போனேன். அங்கேயே நின்று, "இங்கதான் இருக்கேன்னு சொல்லும்மா" என்றேன். அம்மா உள்ளே போய் அதை அவர்கள் பேச்சில் சொன்னாள். அப்பா பதிலுக்கு நீளமாக ஏதோ சொன்னார். என்னைப் பற்றித்தான். இடையில் என் பெயர் வந்தது. நான் போகவில்லை. போனால் அவர் பேச்சு நின்றுவிடும்.